ஜி31 போர்டில் லிப்ரே ஆபீஸ் 25.8

கோர்ட் எதிரில் ஜாப் டைப்பிங் கடை நடத்துகிறவர்களுக்கு அப்டேட் என்றாலே அடிவயிற்றில் புளி கரையும். வக்கீல் குமாஸ்தா பத்தரைக்குள் அஃபிடவிட் கேட்டு நிற்பார். அந்த நேரம் பார்த்து மெனு இடம் மாறியிருந்தாலோ ஃபான்ட் காணாமல் போயிருந்தாலோ நம் பாடு அவ்வளவுதான். அதனால்தான் எங்கள் வரிசையில் உள்ள கடைகளில் இன்றைக்கும் 2007ஆம் வருட ஆபீஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. "புது வெர்ஷன் போட்டா பழைய மெஷின் படுத்துடும்" என்பது எங்கள் தெருவின் வேதவாக்கு. பல சாஃப்ட்வேர்களுக்கு அது உண்மையும்கூட.

ஆனால் மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் விஷயத்தில் நேர்மாறாக நடந்திருக்கிறது. அதன் புது வெர்ஷன் பழைய மெஷினில் எப்படி ஓடுகிறது என்று பலரும் கேட்டதால் எழுதிவைக்கிறேன்.

முதலில் மெஷின் என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சொல்வதற்கு அர்த்தமில்லை. ஜி31 என்ற பழைய மதர்போர்டு, கோர் 2 டுவோ இ7500 பிராசசர். டிடிஆர்2 ரேம் 2 ஜிபி இருந்ததை 4 ஆக்கினேன். அந்த போர்டில் அதற்கு மேல் ஏறாது. ஹார்ட் டிஸ்குக்குப் பதில் ஒரு 120 ஜிபி எஸ்எஸ்டி. கடையின் இரண்டாவது மெஷின், அரசு 2011இல் ஆரம்பித்த இலவச லேப்டாப் திட்டத்தில் அக்கா மகளுக்குக் கிடைத்தது. 2 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க் மாற்றவில்லை, பேட்டரி செத்து பல காலம் ஆகிறது. சார்ஜர் வயரைப் பிடுங்கினால் லேப்டாப்பும் போய்விடும். அதில் விண்டோஸ் 7.

இந்த இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு என்று யோசனை சொல்ல ஆள் நிறைய. அஃபிடவிட் அடிக்கவும் பிரின்ட் எடுக்கவும் ஐ5 எதற்கு என்பது என் கட்சி.

நானாக இந்த மாற்றத்தைத் தேடிப் போகவில்லை. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கை விரித்துவிட்டது. லிப்ரே ஆபீஸ்காரர்கள் அதற்குப் பிறகும் ஐந்து வருஷத்துக்கு மேல் தாங்கினார்கள். 25.2தான் விண்டோஸ் 7, 8 இரண்டுக்கும் கடைசி வெர்ஷன். 2025 ஆகஸ்டில் வந்த 25.8க்கு விண்டோஸ் 10 வேண்டும். அந்த விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14இல் ஆதரவு முடிந்தது. ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே தேதிதான். விண்டோஸ் 11 என் போர்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஆக, ஜி31இல் விண்டோஸுக்குப் பதில் டெபியன் 13 என்ற லினக்ஸ் ஏற்றினோம். அக்கா மகன்தான் போட்டுக்கொடுத்தான். டெஸ்க்டாப் எல்எக்ஸ்க்யூடி, கனமில்லாதது. எனக்கு இருந்த ஒரே கவலை கீபோர்டு. நான் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். விரல் பழைய டைப்ரைட்டர் வரிசையில்தான் ஓடும். தமிழ்99 கீபோர்டு வரிசை எவ்வளவு நல்லது என்று யார் சொன்னாலும் இந்த வயதில் மாறாது. விண்டோஸில் என்எச்எம் ரைட்டர் இருந்தது. இங்கே ஐபஸ் என்பதோடு எம்17என் என்ற பேக்கேஜைச் சேர்த்தால் தமிழ் பட்டியலில் டைப்ரைட்டரும் இருக்கிறது. "சித்தி, இது போதுமா?" என்றான். போதும்.

டெபியனோடு வருவது 25.2. லிப்ரே ஆபீஸ் தளத்திலிருந்து 25.8ஐ இறக்கி அதன் பக்கத்திலேயே போட்டோம். இரண்டும் சண்டை போடாமல் இருக்கின்றன. ஏதாவது ஆனால் பழையதுக்குத் திரும்பலாம் என்ற தைரியத்துக்காக அதை நீக்கவில்லை.

இப்போது வேகத்துக்கு வருகிறேன். 25.8 வெளியானபோது, சோதனைகளில் ரைட்டரும் (வேர்டு மாதிரி) கால்க்கும் (எக்செல் மாதிரி) ஃபைல்களை 30 சதவீதம் வரை வேகமாகத் திறந்ததாக அறிவித்தார்கள். இந்த "வரை" என்ற சொல் எந்த விளம்பரத்தில் வந்தாலும் நான் பாதியைக் கழித்துத்தான் படிப்பேன். சின்ன ஃபைல்களில், இரண்டு பக்க அஃபிடவிட்டில், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பெரிய ஃபைலில் தெரிகிறது. பாகப்பிரிவினை வழக்கு ஒன்றின் டைப் செட் (கோர்ட்டுக்குக் கொடுக்கும் காகிதக் கட்டு), நூறு பக்கத்துக்கு மேல், நடுநடுவே ஸ்கேன் செய்த பத்திரங்கள் படமாக ஒட்டியது. பழைய வெர்ஷனில் அதைத் திறந்துவிட்டு நடுப்பக்கத்துக்குப் போனால் ஸ்க்ரோல் பட்டை குட்டையாகிக்கொண்டே இருக்கும், பக்க எண் ஏறிக்கொண்டே இருக்கும், நாம் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதே நிலைக்காது. 25.8இல் திறந்த கொஞ்ச நேரத்தில் பக்கங்கள் நிலைத்துவிடுகின்றன. ரேமும் குறைவாகத் தின்கிறது. பக்கத்தில் பிரவுசரில் இ-கோர்ட்ஸ் தளம் திறந்திருந்தாலும் கர்சர் திணறுவதில்லை. மெமரி கையாளுதலைச் சீர்படுத்தியிருக்கிறோம், தின் கிளையன்ட் என்கிற சக்தி குறைந்த மெஷின்களில் நன்றாக ஓடும் என்று சொல்லியிருந்தார்கள். என் ஜி31 இன்றைய கணக்குக்கு அந்த ஜாதிதான்.

நியாயமாகச் சொல்வதென்றால் எஸ்எஸ்டி கொடுத்த வேகம் எந்த வெர்ஷனும் கொடுத்ததைவிட அதிகம். ஹார்ட் டிஸ்கிலேயே இருக்கும் லேப்டாப்பில், காலையில் முதல் தடவை ரைட்டர் திறப்பதற்குள் கடை வாசலைப் பெருக்கிக் கோலமும் போட்டுவிடலாம். இரண்டாவது தடவை சீக்கிரம் வரும். காசு கொஞ்சம்தான் இருக்கிறது, எதை முதலில் செய்வது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முதலில் எஸ்எஸ்டி, அப்புறம் ரேம், அதற்கு அப்புறம் வெர்ஷன்.

புது வெர்ஷன் எப்படி லேசாகிறது என்று கேட்கலாம். இதன் வம்சம் பழையது. ஜெர்மனியில் லூனபுர்க் என்ற ஊரில் மார்கோ போரீஸ் என்ற பையன் 1985இல் பதினாறு வயதில் ஆரம்பித்த ஸ்டார் டிவிஷன் என்ற கம்பெனியின் ஸ்டார் ரைட்டர்தான் மூலம். அது ஸ்டார் ஆபீஸ் ஆகி, 1999இல் சன் கம்பெனி வாங்கி, 2000இல் மூலநிரலைப் பொதுவில் வைத்து, ஓபன் ஆபீஸ் ஆனது. சன்னை ஆரக்கிள் வாங்கிய பிறகு, 2010 செப்டம்பரில் அதில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் பிரிந்து வந்து ஆரம்பித்ததுதான் லிப்ரே ஆபீஸ். அவர்கள் செய்த முதல் வேலை வீட்டை ஒழித்தது: யாரும் கூப்பிடாத நிரலை நீக்கினார்கள், ஜெர்மன் மொழியில் எழுதிவைத்திருந்த குறிப்புகளை மற்றவர்களுக்கும் புரியும்படி ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள், ஜாவாவை நம்பியிருந்த பகுதிகளைக் குறைத்தார்கள். இருபத்தைந்து வருஷச் சுமை இருந்ததால் இறக்கிவைக்கவும் நிறைய இருந்தது. 2005 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட தமிழ் சாஃப்ட்வேர் சிடியில் ஓபன் ஆபீஸின் தமிழ் வடிவம் இருந்தது. அதைப் போட்டுப் பார்த்த என் தலைமுறை டைப்பிஸ்டுகளுக்கு அந்த ஆரம்பப் படம் திரையில் நின்றுகொண்டே இருந்தது நினைவிருக்கும். அந்த நினைவை வைத்துத்தான் பலரும் இன்றைய லிப்ரே ஆபீஸை எடைபோடுகிறார்கள்.

வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது தமிழ் எழுத்து நிற்கும் விதம். இது 25.8இன் புதுமை இல்லை. 2017இல் வந்த 5.3 முதலே இருக்கிறது. ஆனால் பழைய வெர்ஷனிலேயே தங்கிவிட்டவர்களுக்கு இதுதான் முதலில் கண்ணில் படும். அதற்கு முன்பு விண்டோஸில் ஒரு இயந்திரம், லினக்ஸில் வேறொரு இயந்திரம் எழுத்துகளைக் கோத்துக்கொண்டிருந்தன. ஒரே ஃபைல் இந்த மெஷினில் ஒரு இடத்தில் வரி உடையும், அந்த மெஷினில் வேறு இடத்தில் உடையும். 5.3இலிருந்து எல்லா இடத்திலும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே இயந்திரம். ஒரே ஃபான்ட் இரண்டு மெஷினிலும் இருந்தால் லேப்டாப்பில் அடித்தது ஜி31இலும் அதே வரியில் முடிகிறது. பக்கத்துக்கு இத்தனை வரி என்று எண்ணிக் காசு வாங்குகிற தொழிலில் இது சின்ன விஷயம் இல்லை.

தமிழுக்கு ஒரு செட்டிங் கட்டாயம். லிப்ரே ஆபீஸ் தமிழை ஆங்கிலத்தோடு சேர்க்காது. காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் என்று தனி வகுப்பில் வைத்திருக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் போய் அந்த வகுப்பின் மொழியைத் தமிழ் என்று மாற்றாவிட்டால் அது இந்தி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். எழுத்துருப் பெட்டியில் மங்கல் அல்லது லோஹித் தேவநாகரி என்று காட்டும். அதில் தமிழ் எழுத்தே கிடையாது. ஆகவே கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு தமிழ் ஃபான்ட்டைக் கடன் வாங்கிக் காட்டும். திரையில் அழகாக இருந்தது பக்கத்துக் கடையில் பிரின்ட் எடுக்கும்போது வேறாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எஃப்11 அழுத்தி, டீஃபால்ட் பாரா ஸ்டைலில் காம்ப்ளெக்ஸ் பக்கத்து ஃபான்ட்டையும் சைஸையும் ஒருதடவை வைத்துவிட்டு, அந்த ஃபைலையே டெம்ப்ளேட்டாகச் சேமித்துவிடுங்கள். நான் நோட்டோ சான்ஸ் தமிழ் வைத்திருக்கிறேன்.

அடுத்தது கால்க். எங்கள் ஊர்ப் பள்ளி ஒன்றிலிருந்து மதிப்பெண் பட்டியல் பிரின்ட் எடுக்க வரும். அங்கே புது கம்ப்யூட்டர், புது எக்செல். அந்த ஆசிரியை எக்ஸ்லுக்அப் (ஒரு பட்டியலில் தேடி எடுத்துத் தரும் ஃபங்ஷன்) போட்டு ஷீட்டுகளை இணைத்திருப்பார். 2007 எக்செல்லுக்கு அந்த ஃபங்ஷனே தெரியாது. திரும்பக் கணக்கிட்டால் மார்க் இருக்க வேண்டிய இடத்தில் பெயர் தெரியவில்லை என்ற பிழைதான் வரும். லிப்ரே ஆபீஸில் 24.8 வரும்வரை இதே கதைதான். 24.8இல் எக்ஸ்லுக்அப், ஃபில்டர், ஸார்ட், யூனிக் எல்லாம் வந்தன. 25.8இல் டெக்ஸ்ட்ஸ்ப்ளிட், விஸ்டாக் போன்ற இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள்: அதே பழைய மெஷினில் பழைய எக்செல்லுக்குக் கணக்கிடத் தெரியாத புது எக்செல் ஃபைலை லிப்ரே ஆபீஸ் கணக்கிடுகிறது. "பழைய மெஷினுக்குப் பழைய ஆபீஸே போதும்" என்ற எங்கள் தெருவின் வாதம் இந்த இடத்தில்தான் உடைகிறது. நம் மெஷின் பழசாகவே இருக்கலாம். நமக்கு வாட்ஸ்அப்பில் ஃபைல் அனுப்புகிறவர்கள் பழசாக இருக்க மாட்டார்களே. 2007 ஆபீஸுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2017 அக்டோபரோடு நின்றுவிட்டன. கண்டவர் பென்டிரைவும் செருகுகிற கடையில் அதையும் யோசிக்க வேண்டும்.

பக்க எண் பற்றி ஒரு வரியாவது சொல்லாவிட்டால் டைப்பிஸ்டுகள் மன்னிக்க மாட்டார்கள். முன்பு ஃபூட்டரை ஆன் செய்து, அதற்குள் கர்சரை வைத்து, ஃபீல்டு செருகி, நடுவில் கொண்டுவந்து... 7.6இலிருந்து இன்செர்ட் மெனுவில் பேஜ் நம்பர் என்று ஒரு சின்னப் பெட்டி. மேலே, கீழே, இடது, நடு, வலது என்று சொன்னால் போதும். (7.6க்கு அடுத்தது 24.2 என்று வந்ததைப் பார்த்து ஒரு குமாஸ்தா, "என்னக்கா, நடுவுல பதினாறு வெர்ஷன் விட்டுட்டீங்களே" என்றார். 2024 பிப்ரவரி என்று அர்த்தம், அவ்வளவுதான்.)

கரன்ட் போவது எங்கள் ஊரில் செய்தியே இல்லை. யுபிஎஸ் பேட்டரி பீப் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுக் கண்ணை மூடும். 24.2இலிருந்து ஆட்டோ ரெகவரி தானாகவே ஆனில் இருக்கிறது. நான் அதன் இடைவெளியை இன்னும் குறைத்து வைத்திருக்கிறேன். எஸ்எஸ்டியில் அது சேமிப்பது தெரிவதே இல்லை. லேப்டாப்பில் பெரிய ஃபைல் திறந்திருந்தால் ஒவ்வொரு தடவையும் கை ஒரு கணம் நின்று போகும். அங்கே கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

இனி மாறாதவை. வேர்டில் அடித்த டாக்எக்ஸ் ஃபைலில் டேபிளுக்குள் டேபிள் இருந்தால் இன்னும் சில சமயம் கோடு இடம் மாறுகிறது. கலிப்ரி, கேம்ப்ரியா ஃபான்ட்டுகளுக்கு அதே அகலத்தில் கார்லிட்டோ, கலேடியா என்று மாற்று ஃபான்ட்டுகள் கூடவே வருவதால் ஆங்கிலப் பக்கங்கள் தப்பிக்கின்றன. விண்டோஸின் தமிழ் ஃபான்ட்டுகளான லதாவுக்கோ நிர்மலாவுக்கோ அப்படி ஒன்று கிடையாது. அதில் அடித்த தமிழ் ஃபைலை லினக்ஸில் திறந்தால் பத்துப் பக்கம் பதினொன்றாகும், அல்லது ஒன்பதாகும். வாங்கும்போதே "பிடிஎஃப்பும் சேர்த்து அனுப்புங்க சார்" என்று சொல்லிவிடுவது என் வழக்கம். டேட்டாபேஸ் பகுதியான பேஸுக்கு இன்னும் ஜாவா வேண்டும். எனக்குத் தேவையில்லை, எடுத்துவிட்டேன்.

பாமினி. அய்யோ, பாமினி. யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட், பழைய வக்கீல்களின் ஃபைல் முழுக்க அதுதான். பாமினியில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்து. மேலே தமிழ்ச் சட்டை போட்டிருக்கும். சின்ன கே அடித்தால் ம, பெரிய கே அடித்தால் மு. லிப்ரே ஆபீஸின் ஆட்டோகரெக்ட், வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்குகிறேன் என்று நல்லெண்ணத்தோடு கிளம்பி, நாம் அடித்த "மனு"வை "முனு" ஆக்கிவிடும். மேற்கோள் குறியையும் சுருட்டிவிடும். எந்த வெர்ஷனிலும் இதற்குத் தீர்வு வராது. வரவும் முடியாது, அதற்கு இது தமிழ் என்றே தெரியாதே. டூல்ஸ் மெனுவில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய் முதலெழுத்து, இரண்டு பெரிய எழுத்து, மேற்கோள் குறி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு பாமினியில் கை வையுங்கள். திருத்த வேண்டிய பழைய ஃபைல் என்றால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத் திருத்துவது மேல்.

விண்டோஸிலேயே இருக்கப்போகிறவர்களுக்கு இரண்டு குறிப்புகள். 7.0 முதல் திரையில் வரைவதற்கு ஸ்கியா என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். பழைய ஆன்போர்டு கிராஃபிக்ஸில் அதற்கு வேண்டிய வல்கன் என்ற வசதி கிடையாது. அதைத் தெரிந்துகொண்டு பிராசசரை வைத்தே வரையும். அப்படியும் ஸ்க்ரோல் செய்யும்போது திரை விட்டுவிட்டு வந்தால், ஆப்ஷன்ஸில் வியூ பக்கத்தில் ஸ்கியாவை எடுத்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். எங்கள் லேப்டாப் அப்படித்தான் அமைதியானது. அட்வான்ஸ்டு பக்கத்தில் ஜாவா டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

எந்த மெஷினுக்கு எது என்று குமாஸ்தாக்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால்: எக்ஸ்பி, விஸ்டா வைத்திருப்பவர்களுக்கு 5.4தான் கடைசி. விண்டோஸ் 7, 8 என்றால் 25.2, அதற்கும் இனிமேல் திருத்தங்கள் வராது என்பதைத் தெரிந்து போடுங்கள். விண்டோஸ் 10, 32 பிட் என்றால் 25.8 கிடைக்கும், ஆனால் 32 பிட்டைக் கைவிடப் போவதாக இப்போதே அறிவித்துவிட்டார்கள். 32 பிட் லினக்ஸுக்கு அவர்கள் தளத்தில் 6.3 முதல் எதுவும் கிடையாது. மெஷின் கோர் 2 டுவோ என்றால் அது 64 பிட் மெஷின்தான். 32 பிட் விண்டோஸ் போட்டுவைத்திருப்பதால் பலர் அதை 32 பிட் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

லேப்டாப்புக்கும் டெபியன் ஏற்ற வேண்டும், எஸ்எஸ்டி ஆர்டர் போட்டாகிவிட்டது. அதில் வைஃபை தகராறு செய்யும், ஒரு நாள் முழுக்க ஆகும், அன்றைக்குக் கடையைப் பாதி மூடிக்கொள்ளுங்கள் சித்தி என்று அக்கா மகன் இப்போதே சொல்லிவிட்டான். கோர்ட் கோடை விடுமுறைக்காகக் காத்திருக்கிறேன்.